ஏழு கட்டைகள்

போதகர் மாதத்துக்கு ஒருமுறை வருவார்,
அதுவும் கணவாய்ப் பனி வழிவிட்டால்.
சால்வோர் மட்டும் ஞாயிறுதோறும்
ஐஸ்லாந்துக் காற்றில் கிறீச்சிடும் தகரக் கோவிலைத் திறந்து
அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

மகன் ஸ்டெய்ன்தோரின் படகு
பலகை பலகையாய்க் கரை ஒதுங்கிய வருஷம்
அவள் ஆண்டவரோடு பேசவில்லை.
அடுத்த மூன்று வருஷமும்தான்.
அப்போதும் புகைபோக்கியில் புகை.
கேட்டேன்.
"பேச்சுதான் இல்லை.
அவர் வீடு குளிர்ந்து கிடக்கலாமா?"

இன்று எட்டு பெஞ்சுக்கு நாங்கள் இருவர்,
ஆணியில் தொங்கும் ஈரக் கோட்டுகள்.
பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள், மூடினாள்,
மனப்பாடமாய்த் தொடங்கினாள், சுருதி எங்கோ போக.
நான் பின்னால் ஓடினேன்.

முடிந்ததும் சாம்பலை வாளியில் அள்ளி
கடல் கொண்டுவந்த கட்டைகளை எண்ணினாள்.
ஏழு.
அடுத்த வாரம் புயலாம்.
"போதும்" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.