நேரே பார்க்காதே

முசாஃபாவில் நான் ஓட்டுவது சுருள் குழாய் மெஷின்.
தகரப் பட்டை உள்ளே போகும், சுற்றிச் சுற்றி
ஏ.சி. குழாயாகி வெளியே வரும்.
சுருளைப் பற்றி எனக்கா தெரியாது என்று
திரவியத்திடம் அளந்துகொண்டே வந்தேன்
அல் குவா வரைக்கும்.

பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கிடந்தது
ஊருக்குப் போன பிலிப்பினோ போர்மேன்
அறுநூறு திர்ஹத்துக்குத் தள்ளிவிட்ட
எட்டு இஞ்ச் தொலைநோக்கி.

மணல். ஏப்ரல். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்.
சப்தரிஷியின் வால்நுனி மீனைப் பிடித்து
அங்கிருந்து இரண்டு விரற்கடை.
தேடித் தேடிக் கழுத்து பிடித்துக்கொண்ட பிறகு
அகப்பட்டது:
வேலைச்சட்டை முதுகில் வியர்வை காய்ந்த
உப்புக்கறை மாதிரி ஒன்று.
"இதுக்கா பெட்ரோல் போட்டோம்?" என்றான் திரவியம்.

நேரே பார்க்காதே, ஓரக்கண்ணுக்குத்தான் வரும்.
பக்கத்துக் கறுப்பைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்.
செய்தேன்.
ஒரு கை வளைந்த மாதிரி இருந்தது.
ஆனால் நான் படம் பார்த்தவன்.
போனில் அது நீலமும் ரோஜாவுமாய் எத்தனை முறை!
கண்டது கண்ணா, போனா?
சத்தியம் செய்யச் சொன்னால் கை எழாது.

அப்போதுதான் வெள்ளை டார்ச்சோடு வந்தார்
ஒட்டகப் பட்டி இத்ரீஸ், சூடான்காரர்.
அரைமணி நேரம் கண்ணில் ஊறிய இருட்டு
ஒரே வீச்சில் போச்சு.
கோபத்தை விழுங்கி, பிளாஸ்க்கில் டீ ஊற்றி,
ஜாடை காட்டி உட்காரவைத்தோம்.
மறுபடி கண் பழக வேண்டும், மூன்று பேருக்கும்.
எங்கோ ஓர் ஒட்டகம் தொண்டையைச் செருமியது.

அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை,
ஓரக்கண், ஒளியாண்டு, ஒன்றும்.
அரபி போதாது என்பதும் உண்மை.
குனிந்தார். குனிந்தே இருந்தார்.
அமாவாசையில் கறுப்பு ஒட்டகத்தை எண்ணுகிற கண்.
பிறகு எழுந்து, சிவப்பு வெளிச்சம் கேட்டு,
மணலில் விரலால் இழுத்தார்:
ஒரு சுழி. அதன் வால் நீண்டு போய்
முனையில் குட்டியாய் இன்னொரு பொட்டு.

திரவியம் என்னைப் பார்த்தான்.
அந்தப் பொட்டைப் பற்றி
அவனிடம்கூட நான் சொன்னதில்லை.

இரண்டு கோடி வருஷத்துக்கு முந்திக் கிளம்பிய பார்சலுக்குக்
கையெழுத்துப் போட்டு முடித்தவர்
விரல் மணலைத் தட்டிக்கொண்டே
டீ இன்னும் இருக்கிறதா என்றார்.

நான் ஓடிப்போய்க் கண்ணை வைத்தேன்.
வட்டத்துக்குள் வெறும் கறுப்பு.
பூமி அதற்குள் திரும்பியிருந்தது.
குழாயை ஒரு நூல் நகர்த்தினேன்.