பல் பட்ட ஈயம்

கட்டைக்காடு தாண்டிச் சுண்டிக்குளம் போற மணல் ரோட்டில
ஒரே தூணில மூண்டு பலகை.
அடியில துரு தின்ற மண்டையோடு: மிதிவெடி.
அதுக்கு மேல, அகற்றியாச்சு எண்டு ஒரு திகதி.
உச்சியில புதுப் பச்சை: அரச காணி, உட்புகத் தடை.
அரசெண்டால் ஆர் எண்டு கஸ்பார் கேட்டான்.
இப்போதைக்கு இந்த நுளம்பு, எண்டன்.

ஆவணி. மோட்டையெல்லாம் வத்தி
சேறு பாளம் பாளமாய் வெடிச்சுக் கிடக்குது.
கண்டலுக்குப் பின்னால ஒரு துரவு மட்டும்
பாய் அகலத்துக்கு நல்ல தண்ணி வைச்சிருக்கு.
குளம்படி நேற்றையது, விளிம்பு இன்னும் உதிரேல்ல.
புழுக்கை விரலுக்குள்ள நசியுது.
மிச்சம் காத்தின்ர வேலை.
சோளகம் அடிக்குது; நாங்கள் வடகிழக்கில,
கூழா மரத்தோட ஒட்டி.
கடலில காத்தை முதுகில வாங்கிறவன்
இஞ்ச மூஞ்சியில வாங்கப் பழகோணும்.

றோலர் இழுத்துக்கொண்டு போனதில மிஞ்சினது
ஒரு முழம் கயிறும் ஒரு ரின் ஈயமும்.
எங்க போறியள் எண்டு மெற்றில்டா கேக்கேல்ல.
பஸ்தியானின்ர இடியனை நான் துடைக்கேக்குள்ள
உப்புப் பானையைக் கழுவி வெயிலில கவிட்டாள்.

போன வருசத்துக்கு முதல் வருசமும் இதே துரவுதான்.
அண்டைக்குச் சன்னம் தீந்து
வலை ஈயம் ஒண்டைப் போட்டு இடிச்சன்.
பாய்ஞ்சது, பற்றை மூடிச்சுது,
மணலில ஒரு சொட்டு இரத்தம் இல்லை.
வெடி பிழைச்சிட்டுது எண்டு நான் சொன்னதை
கோயில் முற்றம் வரைக்கும் கொண்டுபோய்ச் சிரிச்சவன் கஸ்பார்.

நிலவு எழும்ப முன்னம் வந்தது.
முதல் ஒரு காது.
பேந்து ஒண்டுமில்லை, வெகுநேரம் ஒண்டுமில்லை.
கஸ்பாரின்ர வயிறு கத்தினது
எனக்கு இடி மாதிரிக் கேட்டுது.
பேந்து கொம்பு, புள்ளி, குனிஞ்ச கழுத்து.
அது தண்ணி குடிக்கிற சத்தம்
கட்டின வள்ளத்தை அலை நக்கிற மாதிரி.
இன்னும் கொஞ்சம் கேட்டால் சுடேலாமல் போயிடும்.
சுட்டன்.

ஓடேல்ல.
முன்னங்கால் ரெண்டையும் மடிச்சு மெல்ல இருந்துது.
முகம் தண்ணிக்குள்ள போகாமல்
ஓடிப்போய்த் தலையைப் பிடிச்சன்.
ஏன் எண்டு கஸ்பார் கேக்கேல்ல. நல்லது.

விடியமுன்னம் பங்கு.
துவக்குக்கு ஒரு தொடை,
லாண்ட்மாஸ்ரருக்கு விலா,
கண்டும் காணாமல் இருக்கிற கடைசி வீட்டுக்கு ஈரல்.
அரச காணி மான் ஆறு வீட்டுச் சட்டிக்குள்ள போச்சுது.
இதைவிடப் பொதுவாய்ப் பங்கிட எனக்குத் தெரியாது.

மற்றத் தொடையை நான் வகுந்தன்.
கத்தி எதிலயோ தட்டிச்சுது.
எலும்பில்லை.
கொழுப்புப் பொதிக்குள்ள கறுத்த ஒண்டு.
கழுவிப் பாத்தன்: ஒரு பக்கம் நசிஞ்சிருந்துது.
மற்றப் பக்கம் என்ர உடைஞ்ச முன்பல்லின்ர வளைவு,
கயித்தில வைச்சுக் கடிச்சு இறுக்கேக்குள்ள விழுகிற அதே வளைவு.

ரெண்டு மாரி
என்ர கடியைக் காவிக்கொண்டு
இந்தப் பலகையளைத் தாண்டி நடந்திருக்கு.
கொம்பை விழுத்தி, திரும்ப முளைக்க விட்டு,
அதே துரவுக்கு அதே தாகத்தோட வந்திருக்கு.
வெடி பிழைச்சுது எண்டுதான் அண்டைக்குச் சொன்னன்.
பிழைச்சது மான்.
கஸ்பாருக்குக் காட்டினன். விரலால உருட்டிப் பாத்தான்.
இந்தக் கதையை அவன் கோயிலடிக்குக் கொண்டுபோக மாட்டான்.

மெற்றில்டா இறைச்சியைக் கீலங்கீலமாய் வெட்டி
மிஞ்சின வலைக்கயித்தில வத்தலுக்குத் தொங்கவிட்டாள்.
ஈயத்தை வாங்கி, சட்டையில துடைச்சு,
ரின்னுக்குள்ள போட்டாள்.
மற்றதுகளோட சேந்து அதுவும் ஒருக்காச் சத்தம் போட்டுது.

புரட்டாசியில புது வலை தருவினமாம், சங்கத்தில சொன்னவை.
நூற்றைம்பது ஈயம் கடிக்கோணும்.
எது கொழுப்பு ருசிக்குதோ
அது.