சீரகமும் சோம்பும்

கட்டபெட்டுக்கு மேலே கற்பூர மரம் விழுந்து
மூன்று கம்பம் சாய்ந்த ராத்திரி.
செக்‌ஷன் ஆபீஸ் போனில் ஒரே கேள்வி,
எப்ப வரும், எப்ப வரும்.
ஒருவருக்கு கிரைண்டரில் மாவு பாதியில் நிற்கிறது.
ஃபேக்டரிக்காரருக்குத் தொட்டியில் இலை சூடேறுகிறது.
பதினொன்றரைக்கு ஒரு பெண்குரல்:
"அண்ணா, எங்க வீட்டுப் பல்லி குளிர்ல இருக்கு."

போனைக் கையால் மூடி போஜனிடம் சொன்னேன்.
"காலண்டர்ல பாருங்க," என்றான்,
"பல்லி போன் பண்ணா என்ன பலன்னு."

நாலு மணிக்கு அரவேணு டிரான்ஸ்பார்மரில்
கடைசி ஃபியூசைப் போட்டபோது
பனிக்குள் ஒரே ஒரு ஜன்னல் சிவந்தது.
வாசலில் நின்றிருந்தாள் புஷ்பலீலா,
கூட்டுறவு ஃபேக்டரியில் எடை எழுதுபவள்.
ஸ்வெட்டருக்குள் சுடுதண்ணிப் பை.
பைக்கும் நெஞ்சுக்கும் நடுவே அது.

பெயர் சீரகம்.
மஞ்சள் உடம்பில் வறுத்துத் தூவிய மாதிரிப் புள்ளிகள்.
நம் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது,
இது என்னைப் பார்த்து இமைத்தது.
கண்ணாடித் தொட்டிக்குள் இறக்கிவிட்டாள்.
சிவப்பு பல்புக்குக் கீழே கிடந்த ஓட்டுச் சில்லில் ஏறி
வயிறு ஒட்டப் படுத்துக்கொண்டது,
நன்றி கின்றி எதுவும் இல்லாமல்.

"ஒத்தையாவா வச்சிருக்கீங்க?" போஜன் கேட்டான்.
"பாவம், ஜோடி வேணாமா?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.
அவளும் அப்படித்தான் நினைத்தாளாம்.
கோயம்புத்தூர் போய் இன்னொன்று வாங்கி,
டப்பாவை மடியில் வைத்து
ஒவ்வொரு வளைவுக்கும் கையால் முட்டுக் கொடுத்தபடி
பஸ்ஸில் கொண்டு வந்தாளாம்.
அதற்குப் பெயர் சோம்பு.
முதல் வாரமே ஒன்றின் முதுகில் ஒன்று படுத்தன.
போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள்.
என்ன பாசம் பாரு என்றாளாம் அக்கா.

மூன்றாம் மாதம் சீரகத்துக்கு வால் இல்லை.
இப்போது இருப்பது பிறகு முளைத்தது,
டர்னிப் மாதிரி.

குன்னூர் டாக்டர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாராம்.
"இது கட்டிக்கிட்டுப் படுக்கலம்மா.
மேல இருக்கிறது சூட்டைப் பிடிச்சிக்கிச்சு,
கீழ இருக்கிறதுக்கு நகர வழியில்ல.
துணையெல்லாம் வேணாம் இதுக்கு.
சூடு வேணும். ஒளிய ஒரு ஓடு வேணும்."

சோம்பு இப்போது ஜெகதளாவில் ஒரு பையனிடம்.
தனியாக, கொழுத்து.

"அப்ப உங்களையாவது தேடுமா?" போஜன் விடவில்லை.
"தேடாது. பூச்சி போடுற கைன்னு தெரியும்," என்றாள்.
அவ்வளவு தெரிஞ்சா போதாதா என்று அவள் கேட்கவில்லை.
கேட்ட மாதிரி இருந்தது.

ஜீப்பில் திரும்பும்போது நான் பேசவில்லை.
கோத்தகிரி குவார்ட்டர்ஸில் ஒரே கணப்புச் சட்டியின் முன்
நானும் ஜெயசோதியும் தோளோடு தோள் உட்கார்ந்த
ஐந்து மார்கழி.
அதற்கும் ஒரு போட்டோ இருக்கிறது, மச்சான் எடுத்தது.
இழுப்பு தாங்காமல் அவள் காரமடைக்கு இறங்கி
இரண்டு வருஷம்.
இறங்கிய மாதமே உடம்பு தேறிவிட்டாள்.
நானும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.
யார் மேலே, யார் கீழே என்று
அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.
பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு அவளே கூப்பிட்டாள்.
"ராத்திரி பூரா அங்க கரண்ட் இல்லியாமே. குளிருதா?"
"இல்ல."
"தனியாவா இருக்க?"
"போஜன் இருக்கான்," என்றேன்.

போஜன் மார்க்கெட்டில் இறங்கி
இருபது நிமிஷம் ஆகியிருந்தது.
கணப்புச் சட்டியைக் காலால்
முழுசாக என் பக்கம் இழுத்துக்கொண்டு
இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.