தூக்கத்தில் உதைக்கிறவன்

கல்யாணமான முதல் வருடம் வெராக்ரூஸில்
துறைமுகத்துக்குப் பின்தெரு வீட்டில்
ஒரு கட்டில், ஒரு மின்விசிறி,
என் கெண்டைக்காலில் எப்போதும் ஒரு நீலக் கன்றல்.
கிரெசென்சியோ உர்தியாலெஸ், இடதுபுறத் தடுப்பாட்டக்காரன்,
இரவு இரண்டு மணிக்கும்
பந்தை வெளியேற்றிக்கொண்டிருந்தான்.

பல் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த ஃபிலோமெனா
கன்றலைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.
"அடிக்கிறானா?"
"இல்லை, கார்னர் கிக்" என்றேன்.
நம்பவில்லை.
ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து
அவன் ஆடுவதைப் பார்த்தாள். நம்பினாள்.

பதினோரு பருவம். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம்.
கோல் இரண்டு,
அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே.
ஊர் அதைத்தான் ஞாபகம் வைத்திருந்தது.
மீன்காரர் தராசைத் தூக்கும்போதெல்லாம்
"எந்தப் பக்கம் போடட்டும் அம்மணி?" என்பார்.
நான் சிரித்துவிடுவேன்.
கிரெசென்சியோ மீன் தின்பதை விட்டுவிட்டான்.

பிறகு தொர்ரியோன். புழுதிக்காற்று அடித்த ஒரு மாலை
வலது முழங்கால் போனது.
உதைக்கிற கால் அல்ல, நிற்கிற கால்.
உதைப்பதற்கு முதலில் நிற்க வேண்டும் என்று
அதுவரை நான் யோசித்ததே இல்லை.

பயிற்சியாளன் ஆனான்.
மைதானத்தின் ஓரம் சுண்ணாம்பில் ஒரு கட்டம்,
அதற்குள் கோட்டு போட்டு நின்று கத்துகிற உத்தியோகம்.
இராப்புவாத்தோவில் ஒன்பது ஆட்டம்.
தெப்பிக்கில் பதினான்கு.
சக்காத்தெப்பெக்கில் ஒன்றரைப் பருவம்,
அங்கேதான் துணிந்து திரைச்சீலைக்கு அளவெடுத்தேன்.
தைத்து வாங்குவதற்குள் வேலை போய்விட்டது.
அதன்பின் எந்த ஊரிலும்
ஜன்னலுக்குச் செய்தித்தாள்தான்.
சில வாரம் அதில் அவன் படமே இருக்கும்
வாயைத் திறந்து, தெருவைப் பார்த்தபடி.

ஆடின கால் சும்மா இருக்காது என்பார்கள்.
இருந்தது. பதினாறு வருடம் சும்மா இருந்தது.
கால் கிடக்க, கை எழும் இருட்டில்,
ஒரு விரல் நீளும்.
"கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம்."
தூக்கக் கலக்கத்தில் நானும் நகர்வேன்.
ஒருநாள் கட்டிலிலிருந்தே விழுந்தேன்.
கண் திறக்காமல் சொன்னான்:
"அங்கேதான். அங்கேயே நில்."

இப்போது ஃப்ரெஸ்னில்யோ.
வெள்ளிச் சுரங்கத்து ஊர், பல் கிட்டுகிற குளிர்.
போன செவ்வாய், பெட்ரோல் பங்கில்
டயருக்குக் காற்றுப் பிடிக்கும்போது
அணித் தலைவர் போன் செய்தார்.
"ம்" என்றான். "சரி" என்றான். "உங்களுக்கும்" என்றான்.
மிச்சம் மூன்று டயருக்கும் நிதானமாகக் காற்றுப் பிடித்த பிறகுதான்
என்னிடம் சொன்னான்.

அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன்
வெகுநேரம் வரவில்லை.
மைதானத்துக்குப் பின்னால், சரளைத் தரையில்,
சுரங்கத்தின் பகல் ஷிஃப்ட் முடித்தவர்கள்
ஓர் ஆள் குறைவாய் ஆடிக்கொண்டிருந்தார்களாம்.
அவன் யாரென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.
"பெரியவரே, பின்னால் சும்மா நில்லுங்க போதும்."
நல்ல தோல் ஷூவோடு நாற்பது நிமிடம்.
ஒரு தொழிலாளி திட்டினானாம்,
"முன்னேறி வாய்யா, தூங்குறியா?" என்று.
இதைச் சொல்லும்போது
அவன் முகத்தில் ஒரு வெட்கம்.
ஷூ பிய்ந்திருந்தது. முழங்கால்
பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது.
ஐஸ் கட்டினேன். நன்றாகத் திட்டினேன்.

இரவு இரண்டு மணி.
என் கெண்டைக்காலில் பளீரென்று விழுந்தது ஓர் உதை.
எழுந்து உட்கார்ந்து தடவிக்கொண்டேன்.
செய்தித்தாளின் விளிம்பில் தெருவிளக்கு.
விடிந்தால் பெட்டி கட்ட வேண்டும்,
எந்த ஊருக்கு என்று தெரியாது.
அவனை எழுப்பவில்லை.
கொஞ்சம் நகர்ந்து படுத்தேன்,
ரொம்ப தூரம் இல்லை.