பழைய சாமான்

மூன்றாம் கியருக்கு ஏறாத லோரி
நேற்றிலிருந்து பீடோரில், என் பட்டறையில்.
எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினேன்.
முழங்கை வரை வழிந்தது கருகிய வாடை.

கட்டைவிரல் அளவுதான் சோலனாய்டு.
பேட்டரிக் கம்பியை வைத்துப் பார்த்தேன்.
பேச்சு மூச்சில்லை.
கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்த புதியதோ
தொட்டதும் டிக்,
பல்லி சொன்னதுபோல்.

பின்னால் நாலு டன் செம்பனைக் குலை
புளிக்கத் தொடங்கியிருந்தது.
குணாளன் விலை கேட்கவில்லை.
"செத்தத எனக்குக் குடுங்கண்ணே."
துடைக்கப் போனேன்.
"வேணாம், அழுக்கோடயே.
கிராணி நம்பணும்.
இல்லாட்டி சம்பளத்துல வெட்டிருவாரு."

கோப்பி கட்டி வந்த பிளாஸ்டிக் பையில்
அதை முடிந்து
கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போனான்.

பாலத்து மேட்டில்
இரண்டு,
கொஞ்சம் யோசித்து,
மூன்று.
அதன் பிறகுதான் கை கழுவினேன்.