பார்த்துக்கொள்ளுவார்

ஜெர்மன்காரர் காலையில் எழுந்துபோன வாங்குகளில்
மூன்று மணிக்கு நாங்கள் உட்காருகிறோம்.
ஹீட்டரை நிறுத்திவிட்டுத்தான் போவார்கள்.
பார்மனில் நவம்பர். கோட்டுக் கழற்றாத ஒரு சபை.

போதகர் இன்று நல்ல சத்தமாகச் சொன்னார்:
கடவுள் மறதிக்காரர்,
கணக்குக் கொப்பி வைத்திருக்கிறதில்லை என்று.
எல்லாரும் ஆமென் சொன்னோம்.
என் ஆமென் கொஞ்சம் முந்திவிட்டது.

பிறகு காணிக்கைப் பை வந்தது.
நீட்டியவன் வசீகரன், யூனிஸ் அக்காவின் தம்பி.
இடக்காலில் இரண்டு விரல் இல்லை அவனுக்கு.
கீவ் நகரில் ஒரு நிலவறையில்
ஏஜென்சிக்குக் கட்டுகிற காசு வரும், வரும் என்று
இரண்டு பனிக்காலம் அவன் கிடந்தபோது
அந்தக் காசு என்னிடம் இருந்தது.

இரண்டாம் மாதமே சீட்டைக் கழித்து எடுத்தவன் நான்.
மூன்றாம் மாதத்திலிருந்து போன் எடுக்காதவனும் நான்.
தாச்சி அவ. பதினோராயிரத்து நானூறு.
கடை போட்டேன், கடை போனது.
எனக்கு ஒரு வரியில் முடிகிற கதை.
ஆஸ்பத்திரி நிலம் துடைக்கிற அவவுக்கு
அது எத்தனை இரவு என்று
நான் ஒருநாளும் வகுத்துப் பார்த்ததில்லை.

ஐந்து யூரோ போட்டேன்.
பை கொஞ்ச நேரம் என் முன்னால் நின்ற மாதிரி இருந்தது.
இருக்காது.
அவன் அடுத்த வாங்குக்குப் போய்விட்டான்,
அந்தச் சின்ன நொண்டலோடு.

மாதத்தில் ஒருநாள் ஜெர்மன் பாதிரி அம்மா வருவா,
தன் மொழியில் ஜெபம் சொல்லுவா.
ஷுல்ட் என்று ஒரு சொல் வரும். பாவத்துக்கு.
கடன் வசூல் கம்பனி எனக்குப் போடுகிற கடிதத்திலும் அதே சொல்,
வால் கொஞ்சம் நீண்டு.
எங்கள் ஜெபத்தில் அந்த இடத்தில் கடன் என்றே வரும்.
அங்கே எனக்கு எப்போதும் ஓர் இருமல்.

கடவுளிடம் நான் ஒரு சதமும் வாங்கவில்லையே,
மன்னிக்கிறது அவருக்கு லேசுதானே
என்று ஒரு கெட்ட யோசனை.
லேசு என்றால் சுவரில் அந்த மரம் எதற்கு
என்று உடனே இன்னொன்று.

பின் மண்டபத்தில் றோல்ஸ், தேத்தண்ணி.
நான் கதவுப் பக்கம் நழுவினேன்.
யூனிஸ் அக்கா குறுக்கே வந்து ஒரு கப்பை நீட்டினா.
"சீனி போடேல்லை. உமக்கு இப்ப சீனி வருத்தமாமே."

ஒன்பது வருஷத்தில் அவ என்னோடு கதைத்த முதல் வசனம்.
"அக்கா, அந்தக் காசு..."
"அதைக் கதையாதையும். கடவுள் பார்த்துக்கொள்ளுவார்."
அடுத்த கப்பை ஊற்றப் போய்விட்டா.

இப்போது தொங்கு ரயிலில் இருக்கிறேன்.
காலுக்குக் கீழே வுப்பர் ஆறு, பழுப்பாக.
பார்த்துக்கொள்ளுவார்.
வயிறெரிந்து மண் அள்ளித் தூற்றும்போதும் அதைத்தான் சொல்லுவோம்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தடவும்போதும் அதைத்தான்.
அவ எதைச் சொன்னா?
நான் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லாண்ட்கெரிஷ்ட். நீதிமன்றத் தரிப்பு.
கதவு திறக்கிறது. ஒருவரும் இறங்கவில்லை.
கதவு மூடுகிறது. பெட்டி ஒருமுறை ஆடி நிமிர்கிறது.

யாரோ என் வருத்தத்தைச் சொல்ல
அதை ஞாபகத்தில் வைத்து,
அறுபது கப்புக்கு நடுவில் ஒரு கப்பை
கரண்டி படாமல் ஒதுக்கி வைத்திருக்கிறா.
மறதிக்காரர் செய்கிற வேலை இல்லை அது.
போதகரே, எனக்கென்னவோ நீங்கள் சொன்னது பிழை.
அவரிடம் கொப்பி இருக்கிறது.
பதினோராயிரத்து நானூறும் அதில் இருக்கிறது,
பக்கத்திலேயே என் சீனியும்.
இரண்டையும் தெரிந்துகொண்டுதான் கப்பை நீட்டுகிறார்.

பாட்டுத்தாளின் பின்புறத்தில் பென்சிலால் கீறுகிறேன்.
மாதம் நூற்றைம்பது.
எழுபத்தாறு மாதம்.
இப்போது அறுபத்தொன்று. அறுபத்தேழு தாண்டும்.
சரி, தாண்டட்டும்.

இரண்டு விரலை எதால் வகுப்பது?

தலையை நிமிர்த்தினால்
என் தரிப்பு எப்போதோ போய்விட்டது.