வினா எழவில்லை

பத்து இருபதுக்கு வாட்ஸ்அப்பில் இறங்கியது
நட்சத்திரக் குறியிட்ட வினா எண் நானூற்றுப் பதினேழு.
நாளை மறுநாள் பேரவையில் எடுக்கிறார்கள்,
நான்கு மணிக்குள் விடை, மிக அவசரம் என்று
கோட்டை இயக்குநருக்கும்
இயக்குநர் கலெக்டருக்கும்
கலெக்டர் பி.ஏ.வுக்கும்
பி.ஏ. எனக்கும்.
எனக்குக் கீழே யாருமில்லை.
இருந்திருந்தால் நானும் அனுப்பியிருப்பேன்.

(அ) பென்னாகரம் வட்டம் பூதிக்கொல்லையில்
ஃப்ளோரைடு நீக்கும் இயந்திரம்
இயங்கவில்லை என்பதை அரசு அறியுமா?
(ஆ) ஆமெனில், எப்போது சீர்செய்யப்படும்?

கேட்டிருப்பவர் உறுப்பினர்.
கேள்வி நஞ்சம்மாளுடையது.
ஐந்து திங்கட்கிழமை
குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றாள்
மனுவோடு ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொண்டு.
"குடிச்சுப் பாருங்க மேடம், சும்மா ஒரு மடக்கு."
வாயைத் திறக்காமல் சிரித்தேன்.
சீல் வைத்து நம்பர் போட்டுக் கொடுத்தேன்.
பாட்டிலுக்கு நம்பர் கிடையாது,
அது பீரோ மேல் இருக்கிறது இன்னும்.

ஊராட்சிச் செயலர் தொட்டப்பனைப் பிடித்தேன்.
பின்னால் தக்காளி ஏலம் கத்திக்கொண்டிருந்தது.
"மிஷின் நல்லா இருக்குதுங்க மேடம்.
மோட்டாரைத்தான் கம்பெனிக்காரங்க
கழட்டிக்கிட்டுப் போனாங்க.
மத்தபடி ஒரு குறையும் இல்லைங்க."
எப்போது?
"போன மாங்கா சீசனுக்கு முன்னால."

பழைய கோப்பைப் புரட்டினேன்.
இதே கேள்விக்கு மூன்று அமைச்சர்கள்
ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார்கள்,
ஒரே எழுத்துப்பிழையோடு.
பிழையைத் திருத்தினேன். அது என்னால் முடிந்தது.
(அ) இயந்திரம் நல்ல நிலையில் உள்ளது.
மோட்டார் பராமரிப்பில் உள்ளது.
(ஆ) வினா எழவில்லை.

விசித்திரமான வார்த்தை.
படுத்திருக்கிற பிள்ளையைச் சொல்வதுபோல,
இன்னும் எழவில்லை, எழுந்ததும் சொல்கிறோம்.

இதோடு முடியாது.
எழக்கூடிய துணை வினாக்களையும்
அவற்றுக்கான விடைகளையும்
தனித்தாளில் இணைக்க வேண்டும்.
உறுப்பினர் எதையாவது கேட்டுவைத்தால்
அமைச்சர் தடுமாறக் கூடாது.
ஆக, கேள்வி கேட்பதும் என் வேலை.

ஒன்று: மதிப்பீடு எவ்வளவு? எழுதினேன்.
இரண்டு: ஒப்பந்தக் காலம்? எழுதினேன்.
மூன்று:
அந்த ஊர்ப் பள்ளியின் குரூப் போட்டோவில்
ஒரு பிள்ளைகூட
ஏன் உதட்டைப் பிரிக்கவில்லை?

விடைக்கு நேரே இடம் விட்டேன்.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.
நான்கு ஐந்துக்கு பி.ஏ. கூப்பிட்டார்.
"மூணாவதுக்கு விடையில்லையேம்மா?"
இல்லை சார்.
"அப்ப கேள்வியை எடுத்துரு."

அன்றைக்கு அலுவலக டீவியில் நேரலை.
எங்கள் வினா பட்டியலில் ஒன்பதாவது.
முதல் உறுப்பினர் கேட்பதற்கு முன்
தலைவரை வாழ்த்தினார், தொகுதியை வாழ்த்தினார்,
தொகுதிக்கு வராத பாலத்துக்கும்
முன்கூட்டியே நன்றி சொன்னார்.
ஆறாவதில் நேரம் முடிந்தது.
மீதி விடைகள் பேரவை முன்
வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்றார்கள்.
கருதிக்கொண்டேன்.
டீ வந்தது.

திங்கட்கிழமை நஞ்சம்மாள் வந்தாள்.
இந்த முறை மனு இல்லை, பாட்டில் மட்டும்.
"எங்க கேள்வி சபைக்குப் போச்சாமே,
மந்திரி என்னங்க சொன்னாரு?"

சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.
அவள் பதிலைக் கேட்கவில்லை.
குனிந்து, சீல் பெட்டிக்கு மேலாக,
என் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அந்தப் பழுப்புக் கோடுகளை
ஒவ்வொன்றாக.

"நீ எந்த ஊரு கண்ணு?" என்றாள்.